ரெண்டு இட்லி, ஒரு வடை, கொஞ்சம் குட்வில்

டெல்லியில் இப்போது 'தபாஸ்' ஒரு மோஸ்தர். கான் மார்க்கெட், மெஹ்ரௌலி பக்கம் போனால் மெனு கார்டில் 'ஸ்மால் பிளேட்ஸ்' என்று அதற்குத் தனிப் பக்கமே போட்டிருக்கிறார்கள். கையகலத் தட்டில் ஏழெட்டு உருளைக்கிழங்குத் துண்டு, மேலே சிவப்பாக ஒரு சாஸ், விலை ஐந்நூற்றுச் சொச்சம், வரி தனி. ஆபீஸில் ஒருவருக்கு ப்ரமோஷன் வந்து பார்ட்டி கொடுத்தார். நாங்கள் எட்டுப் பேர். பில்லைப் பார்த்த அந்த மனிதரின் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பசி அடங்காமல் வீட்டுக்கு வந்து தயிர் சாதம் சாப்பிட்டேன். :-)

விலையைப் பற்றிப் புலம்ப இதை எழுதவில்லை. யாரிடம் காசு இருக்கிறதோ அவர்கள் சாப்பிடட்டும். என் கட்சி வேறு. இந்தச் சின்னத் தட்டு விவகாரத்தில் தட்டு ஒரு பொருட்டே இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. அந்தத் தட்டு எந்தத் தெருவில் இருக்கிறது, அந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள், கடைக்காரர் எங்கிருந்து எழுந்து வந்து கடையைத் திறக்கிறார் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. இது புரியாமல் ஒரு குடியிருப்பைப் பெயர்த்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்பதை நம் கண் முன்னாலேயே பார்த்துவிட்டோம். மதராசி கேம்ப்பைத்தான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் கொஞ்சம் ஸ்பெயின்.

மச்சினர் குடும்பம் மாட்ரிட்டில் இருக்கிறது. 2025 மே கடைசியில், பள்ளி விடுமுறையில், பத்து நாள் போயிருந்தோம். அவர்கள் வீட்டுக்குக் கீழே, தெருமுனையில் ஒரு 'தபெர்னா'. சாராயக்கடை என்று மொழிபெயர்த்தால் தங்கமணி சண்டைக்கு வருவார், ஏனென்றால் அவரும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவர்தான். ஒயின், பீர் எல்லாம் உண்டு. ஆனால் தாத்தா, பாட்டி, தள்ளுவண்டியில் கைக்குழந்தை, ஸ்கூல் பையோடு பையன் என்று எல்லோரும் வருகிறார்கள். பாதிப் பேர் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். நீளமான ஒரு மேடை, அதன் மேல் கண்ணாடிப் பெட்டி, உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னத் தட்டுகள். ஆலிவ் காய், வினிகரில் ஊறிய நெத்திலி மாதிரி ஒரு மீன், தக்காளி தேய்த்த ரொட்டி, உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்து அடை கனத்துக்குச் சுட்ட 'தோர்த்தியா'. இந்தத் தோர்த்தியா நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போகிறது. ஒரு பச்சை மிளகாய் வறுவலும் உண்டு, பத்தில் ஒன்றிரண்டு மட்டும் காரமாக இருக்கும், எது என்று கடிக்கும் வரை தெரியாது. என் மகள் அதை வைத்துச் சூதாட்டமே நடத்தினாள்.

'தபா' என்றால் மூடி. கோப்பையின் மேல் ஒரு துண்டு ரொட்டியையோ இறைச்சியையோ மூடி மாதிரி வைத்துக் கொடுத்ததில் வந்த பேர் என்று சொல்கிறார்கள். எந்த ராஜா ஆரம்பித்தார் என்று ஊருக்கு ஒரு கதை, அதையெல்லாம் விட்டுவிடலாம். எனக்குப் பிடித்தது அளவுகள். அதே பண்டம் 'தபா' என்றால் கொஞ்சம், 'ரசியோன்' என்றால் முழுத் தட்டு, நடுவில் 'மெதியா ரசியோன்' என்று அரைத் தட்டு. கிரனாதா நகரில் பானம் ஒன்று வாங்கினால் தபா இனாம். வடக்கே பாஸ்க் பகுதியில் எல்லாவற்றையும் பல்குச்சியில் குத்தி வைத்து, கடைசியில் குச்சியை எண்ணிப் பில் போடுவது பழைய வழக்கம். வெளியே நாற்காலியில் உட்கார்ந்தால் பல கடைகளில் விலை கூடுதல், மேடை ஓரம் நின்றால் குறைவு. பாக்கெட்டில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு ஒரு வாய் கிடைக்கும். யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

இதையெல்லாம் கேட்கும்போது உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? "சிங்கிள் டீ, ஒரு வடை" என்பதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

(ஒயினும் தட்டும் என்று வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் நம்மூரில் இதற்குச் சமமானது டாஸ்மாக் பார்தான். சுண்டல், அவித்த முட்டை, மாங்காய்த் துண்டு. ஆனால் அங்கே குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போக முடியாது என்பதால் அந்த ஒப்பீட்டை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

நமக்குத் தபெர்னா என்றால் டீக்கடையும் தள்ளுவண்டி டிபன் கடையும்தான். டெல்லித் தமிழர்களுக்கு அது இன்னும் ஒரு படி மேல். இங்கே தோசைக்குப் பஞ்சமில்லை. டிபென்ஸ் காலனியில் 1986-ல் ஆரம்பித்த சாகர் இன்று எங்கேயோ போய்விட்டது, கன்னாட் பிளேஸ் போனால் சரவண பவன். ஆனால் அங்கெல்லாம் உட்கார வேண்டும், காத்திருக்க வேண்டும், தட்டு நிறைய வாங்க வேண்டும். காலை ஏழு மணிக்கு, ஆபீஸுக்கு ஓடும் வழியில், இரண்டே இரண்டு இட்லியை நின்றபடி விழுங்கிவிட்டுப் போவதற்கு வேறு ஓர் ஏற்பாடு வேண்டும். ஜங்புராவில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஆறு வருடமும் எனக்கு அந்த ஏற்பாடு ஓர் அக்காவின் வண்டி.

அக்கா கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். வீடு மதராசி கேம்ப்பில். விடியற்காலை நாலு மணிக்கு வீட்டில் அடுப்பு பற்றவைத்து, முதல் நாள் ராத்திரி ஆட்டிப் பொங்கவிட்ட மாவில் இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, சாம்பார் தூக்கோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். பத்து நிமிஷ நடை. ஆறரைக்கு முதல் ஈடு. சட்னி தீர்ந்தால் மகன் ஓடிப்போய் வீட்டிலிருந்து எடுத்து வருவான். ஒன்பதரைக்குள் எல்லாம் காலி. அதற்கப்புறம் அவர் பக்கத்துக் காலனியில் இரண்டு வீடுகளில் வேலை பார்க்கப் போய்விடுவார். சாயங்காலம் மறுபடியும் வண்டி, அப்போது போண்டாவும் மசால் வடையும்.

அந்த வண்டியைச் சுற்றி நின்ற கூட்டம் இருக்கிறதே, அதைத்தான் நான் மாட்ரிட்டில் மறுபடி பார்த்தேன். மத்திய அரசு அலுவலகத்துச் செக்ஷன் ஆபீஸர், நிஜாமுதீன் ஸ்டேஷனில் திருக்குறள் எக்ஸ்பிரஸை விட்டு இறங்கி மூட்டையோடு நிற்கும் புது ஆள், போகல் மார்க்கெட்டில் சுமை தூக்குபவர், லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், "பையா, எக்ஸ்ட்ரா சட்னி" என்று அக்காவின் மகனை அதட்டும் பஞ்சாபிப் பாட்டி. எல்லோருக்கும் ஒரே மேடை, அதாவது அந்த வண்டியின் தகரப் பலகை.

"சார், ரெண்டு வெக்கட்டுமா, மூணா?"

"ரெண்டு போதும்க்கா. வடை இருக்கா?"

"உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன் சார்."

எல்லோருக்கும் அப்படி ஒன்று எடுத்து வைத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தைக்குத்தான் காசு. :-)

சொல்ல வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. டெல்லித் தமிழர் என்றால் நம் மனசில் ஓடும் படம் என்ன? கரோல் பாக், ஆர்.கே.புரம் மலை மந்திர், தமிழ்ச் சங்கம், டிசம்பர் கச்சேரி. டைப்ரைட்டிங் லோயர் முடித்துவிட்டு ரயிலேறி வந்தவர்களின் கதை. அதே ஊருக்கு விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து, நாலா ஓரத்தில் குடிசை போட்டு, நம் வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர்களின் கதை அந்தப் படத்தில் இருக்காது. இரண்டு டெல்லித் தமிழர்களும் சந்தித்துக்கொண்ட இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று நம் வீட்டுச் சமையலறை, அங்கே நாம் முதலாளி. இன்னொன்று அந்த வண்டி. அங்கே அவர் முதலாளி, நாம் வாடிக்கையாளர், தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியவர். இந்த இரண்டாவது இடம்தான் இப்போது இல்லை.

2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. மாட்ரிட்டில் மத்தியானம், அந்தத் தெருமுனைக் கடையில் மேடை ஓரம் நின்றுகொண்டிருந்தோம். டெல்லி நண்பர் ஒருவர் போனில் படம் அனுப்பினார். மதராசி கேம்ப்பில் புல்டோசர். மஞ்சள் நிற இயந்திரம், சிமெண்டுப் புழுதி, அரைச் சுவரில் தொங்கும் முருகன் காலண்டர். தங்கமணி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வீடு எது என்று அந்தப் புழுதியில் தெரியவில்லை.

நடந்தது என்ன என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போது வாட்ஸ்அப்பில் பாதிப் பொய் சுற்றியது. கேம்ப் இருந்தது ஜங்புராவுக்கும் நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கும் நடுவில், பாராபுலா நாலாவின் கரையில். மழைக்காலத்தில் அந்த நாலா அடைத்துக்கொண்டு சுற்றியுள்ள காலனிகளில் தண்ணீர் ஏறியது உண்மை. நாலாவைத் தூர்வார வேண்டும், அதற்கு ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்தது. 2025 மே 9 அன்று நீதிமன்றம் ஜூன் 1 முதல் இடிக்கலாம் என்று உத்தரவிட்டது. மொத்தம் 370 வீடுகள். மறுவாழ்வுக்குத் தகுதி என்று அப்போது பட்டியலில் வந்தவை 189. அவர்களுக்கு ஒதுக்கிய இடம் நரேலா. டெல்லி வரைபடத்தில் தெற்கே ஜங்புராவைத் தொட்டுவிட்டு விரலை வடக்கே இழுத்துக்கொண்டே போங்கள், ஹரியானா எல்லை வருவதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள், அதுதான் நரேலா. சொந்த ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவி செய்வதாகத் தமிழக அரசு அறிவித்தது.

தண்ணீர் வடிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாலா மேல் வீடு இருந்தால் முதலில் முழுகுவதும் அந்த வீடுதான். இடித்தது சரியா தப்பா என்ற பட்டிமன்றத்துக்கும் நான் வரவில்லை, அது கோர்ட்டார் சமாச்சாரம். நான் கேட்பது ஒரு கணக்குப்பிள்ளையின் கேள்வி. இழப்பைக் கணக்கிட்டபோது எதைக் கணக்கில் எடுத்தார்கள், எதை விட்டார்கள்?

பி.காம். படித்தவர்களுக்கு 'குட்வில்' பாடம் ஞாபகம் இருக்கும். குப்தா-ராதாசாமி புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுத காலம். சூப்பர் ப்ராஃபிட் முறை, மூன்று வருடச் சராசரி லாபம், இத்தியாதி. கொசுவர்த்தி சுற்றாமல் விஷயத்துக்கு வருகிறேன். குட்வில் என்றால் என்ன என்பதற்கு இன்றும் வகுப்பில் சொல்லும் முதல் விளக்கம் இங்கிலாந்தில் 1810-ல் லார்ட் எல்டன் என்ற நீதிபதி ஒரு வழக்கில் கொடுத்தது. சாரம் இதுதான்: பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே திரும்ப வருவார்கள் என்ற வாய்ப்புக்குப் பேர்தான் குட்வில். பிற்காலத்தில் பிராண்டு, விளம்பரம் என்று அதை எவ்வளவோ விரித்துவிட்டார்கள். ஆனால் தள்ளுவண்டிக்கு லார்ட் எல்டன் சொன்னதுதான் இன்றும் வேதம். பழைய ஆட்கள், பழைய இடம். இதில் எது போனாலும் சொத்து போச்சு.

பெரிய கம்பெனி ஒன்றை விற்கும்போது இந்தக் கண்ணுக்குத் தெரியாத சொத்துக்குக் கோடிக்கணக்கில் விலை போட்டு பேலன்ஸ் ஷீட்டில் ஏற்றுகிறோம். நானே அப்படிப்பட்ட பேலன்ஸ் ஷீட்டுகளைப் பார்த்துக் கடன் பரிந்துரை எழுதியிருக்கிறேன். அக்காவின் வண்டிக்கு மட்டும் அந்தச் சொத்து கிடையாதா? அவர் சொத்துக் கணக்கை எழுதினால் என்ன வரும்? வண்டி, அடுப்பு, இரண்டு இட்லிப் பானை, கிரைண்டர். எல்லாம் சேர்த்து இருபது, முப்பது ஆயிரத்தைத் தாண்டாது. மீதியெல்லாம் அந்தத் திருப்பத்தில் காலை ஆறரைக்கு வந்து நிற்கும் எங்களைப் போன்றவர்கள். பதினைந்து வருடம் சேர்த்த ஆட்கள். யார் யாருக்குக் காரச் சட்னி, யாருக்கு சாம்பார் ஆகாது, யார் மாதக் கடைசியில் காசு கொடுப்பார் என்ற கணக்கு முழுவதும் அவர் தலைக்குள். சர்வே எடுக்க வந்தவர்கள் கேட்டது ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, எந்த வருடத்திலிருந்து குடியிருப்பு. "எங்கே சம்பாதிக்கிறீர்கள், வீட்டிலிருந்து எத்தனை நிமிஷ நடை?" என்று யாரும் கேட்கவில்லை என்றார்.

அக்கா விஷயத்தில் ஒரு விசேஷம். தகுதிப் பட்டியலில் அவர் பேர் இருந்தது. ஃபிளாட் கிடைத்தது. ஆக, அரசாங்கக் கோப்பில் இது நல்லபடியாக முடிந்த கேஸ்! பட்டியலில் வராத குடும்பங்களின் கதை வேறு, அது இதைவிடப் பத்து மடங்கு மோசம். நல்லபடியாக முடிந்த கேஸிலேயே என்ன நடந்தது என்று பாருங்கள்.

நரேலாவில் அவருக்கு மூன்றாவது மாடி. வண்டியை மேலே ஏற்ற முடியாது, கீழே விட்டால் காலையில் சக்கரம் இருக்குமா என்பது சந்தேகம். சட்னி தீர்ந்தால் பையன் ஓடிப்போய் எடுத்துவரும் கதையெல்லாம் முடிந்தது. சரி, எப்படியோ கீழே போட்டார் என்று வைத்துக்கொள்வோம். வாங்க யார் இருக்கிறார்கள்? கூட வந்தவர்கள் எல்லோரும் அவரைப் போலவே விடிவதற்கு முன் பஸ் பிடித்து சமய்பூர் பாத்லி, அங்கிருந்து மெட்ரோ, காஷ்மீரி கேட்டில் மாறி ஜங்புரா என்று வேலைக்கு ஓடுகிறவர்கள். இட்லி வாங்கும் நேரத்தில் அவர்கள் தூங்கிக்கொண்டே நின்று பயணம் செய்துகொண்டிருப்பார்கள். வீட்டு வேலையையாவது விடக்கூடாது என்று அக்காவும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகிவிட்டார். போக வர நாலு மணி நேரம். வண்டியை விற்றுவிட்டார்.

இங்கேதான் என் தொழில் குறுக்கே வருகிறது. 2020-ல் பி.எம். ஸ்வநிதி என்று ஒரு திட்டம் வந்தது. தெருவோர வியாபாரிகளுக்கு ஈடு இல்லாமல் முதலில் பத்தாயிரம், ஒழுங்காகக் கட்டினால் இருபதாயிரம், பிறகு ஐம்பதாயிரம். ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு ஏழு சதவீத வட்டி மானியம். 2025 ஆகஸ்டில் முதல் தவணையைப் பதினைந்தாயிரமாகவும் இரண்டாவதை இருபத்தைந்தாயிரமாகவும் உயர்த்தி, 2030 மார்ச் வரை நீட்டித்தார்கள். நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். வட்டிக்காரனிடம் காலையில் தொள்ளாயிரம் வாங்கி மாலையில் ஆயிரமாகக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களை முதல்முறையாக வங்கி வாசலுக்குக் கொண்டுவந்தது அது. அக்காவும் ஒரு வங்கியில் வாங்கியிருந்தார் (என் வங்கி இல்லை), இரண்டாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு கை கடன் கொடுத்து வியாபாரத்தை வளர்க்கச் சொல்கிறது, இன்னொரு கை அந்த வியாபாரம் நின்ற தரையை உருவிக்கொள்கிறது. தவணை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் வருகிறது. நரேலாவுக்கும் வருகிறது.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டத்தை எடுத்துப் படியுங்கள், ஆச்சரியமாக இருக்கும். இடம் மாற்றுவதற்கு முப்பது நாள் நோட்டீஸ், இடமாற்றத்தைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும், மாற்றினாலும் பிழைப்பு கெடக்கூடாது என்றெல்லாம் இருக்கிறது. வாங்குபவரும் விற்பவரும் காலம் காலமாகக் கூடும் இடத்துக்கு 'இயற்கைச் சந்தை' என்று பெயர்கூட வைத்திருக்கிறார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் அப்படி நடந்தால் அது பாரம்பரியச் சந்தை. லார்ட் எல்டன் இருந்தால் கைதட்டியிருப்பார்.

குடிசை மாற்றத்துக்கு டெல்லியில் 2015-ஆம் வருடக் கொள்கை தனி. அதே இடத்தில், முடியாவிட்டால் ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வீடு கொடுக்க வேண்டும், அதைத் தாண்டுவது விதிவிலக்கு என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஐந்து எங்கே, நாற்பது எங்கே! இடமில்லை என்பார்கள். தென் டெல்லியிலேயே கல்காஜியில், குடிசைவாசிகளுக்காக அந்த இடத்திலேயே கட்டிய 3,024 ஃபிளாட்டுகளை 2022 நவம்பரில் பிரதமர் திறந்துவைத்தார். மனசு இருந்தால் இடம் இருக்கிறது.

ஆக, வீட்டுக்கு ஒரு சட்டம், வண்டிக்கு ஒரு சட்டம். இரண்டும் வேறு வேறு இலாகா, வேறு வேறு கோப்பு. வண்டி நின்ற திருப்பத்தை யாரும் தொடவில்லை, அதனால் வண்டிக் கோப்பில் எந்தப் பாதிப்பும் இல்லை. வீட்டுக்குப் பதில் வீடு கொடுத்தாயிற்று, அதனால் வீட்டுக் கோப்பும் முடிந்தது. ஆனால் அக்காவுக்கு வீடுதான் சமையலறை, வீடுதான் கிடங்கு, வீடுதான் ஆள்பலம். இரண்டும் ஒரே பேலன்ஸ் ஷீட். பாதியைக் கிழித்து நரேலாவுக்கு அனுப்பினால் மீதிப் பாதி ஜங்புராவில் தானாக டேலி ஆகிவிடுமா?

இதைச் சரியாகச் செய்த ஊர் ஒன்று நமக்கெல்லாம் தெரிந்ததுதான். சிங்கப்பூர். தெருவெல்லாம் வண்டியாக இருந்த ஊர் அது. 1971-லிருந்து 1986 வரை பதினைந்து வருடம் எடுத்துக்கொண்டு அந்த வியாபாரிகளை ஹாக்கர் சென்டர்களுக்குள் கொண்டுவந்தார்கள். தண்ணீர், சாக்கடை, மின்சாரம் எல்லாம் கொடுத்தார்கள். அரசுக் குடியிருப்புகள் எழும்பிய இடங்களிலேயே பல சென்டர்களைக் கட்டினார்கள். சாப்பிடுகிறவன் எங்கே குடியிருக்கிறானோ அங்கே கடை. 2020-ல் யுனெஸ்கோ அந்த ஹாக்கர் கலாச்சாரத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கட்டாயப்படுத்தி நகர்த்தியதும் உண்டு, எல்லோரும் சந்தோஷமாகப் போகவில்லை. ஆனால் தட்டையும் வாயையும் நாற்பது கிலோமீட்டர் பிரித்து வைக்கவில்லை.

மாட்ரிட்டிலும் எல்லாம் தேனும் பாலும் இல்லை. வீடுகளையெல்லாம் டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகைக்கு விட ஆரம்பித்ததும், வாடகை ஏறி, பேட்டைக்காரர்கள் வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் பல்லாயிரம் பேர் அதை எதிர்த்து அங்கே ஊர்வலம் போனார்கள். மச்சினர் வீட்டுத் தெருவிலேயே இரண்டு பழைய கடைகள் இப்போது இங்கிலீஷ் மெனுவும் இரட்டை விலையுமாக மாறிவிட்டன என்றார். அங்கே புல்டோசருக்குப் பதில் வாடகை. நின்று சாப்பிட்ட தாத்தா பாட்டி பேட்டையை விட்டுப் போன பிறகு கடை மட்டும் இருந்து என்ன பயன், அது கான் மார்க்கெட் தபாஸ் மாதிரிதான் ஆகும்.

இதை எழுதும்போது டெல்லிக்காரர்கள் நம்மைத் துரத்திவிட்டார்கள் என்று மீசை முறுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். நம் தலைநகரத்தில் நாம் என்ன செய்தோம்? கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை 2000-லிருந்து கண்ணகி நகருக்கு அனுப்பினோம், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு அனுப்பினோம். சிந்தாதிரிப்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் வாசலில் இட்லிக் கடை போட்டிருந்த எத்தனை ஆயாக்கள் அந்த அடுக்குமாடியில் சும்மா உட்கார்ந்தார்கள் என்று யார் எண்ணினார்கள்? தமிழில் பேசித் துரத்தினால் வலிக்காதா?

மதராசி என்ற பேரைக் கேட்டால் நமக்குக் கோபம் வரும். நாங்கள் மதராசி இல்லை, தமிழர் என்று ஆபீஸில் வகுப்பெடுப்போம், நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பேரையே முகவரியாக வைத்து, அந்த முகவரியில் ரேஷன் கார்டு வாங்கி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி, பிள்ளைகளை லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பி, டெல்லியில் பேச்சுத் தமிழைக் காப்பாற்றிய தெரு அது. நரேலாவில் தமிழ்ப் பள்ளி இல்லை. என் மகள் வீட்டுக்கு வெளியே தமிழில் பேசிய முதல் ஆள் அக்காதான். "இன்னொரு இட்லி வேணும்" என்பதுதான் அவள் கடைத்தெருவில் சொன்ன முதல் தமிழ் வாக்கியம்.

நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? இருக்கிறது. நம் குடியிருப்போர் சங்கங்களில், தமிழ் அமைப்புகளில் வக்கீல்கள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற செயலாளர்கள் இருக்கிறார்கள், ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். பொங்கல் விழாவுக்குச் சினிமாக்காரரைக் கூப்பிட நன்கொடை திரட்டும் அதே ஆட்கள், அடுத்த முறை எந்தக் கேம்ப்புக்கு சர்வே வந்தாலும் கூடவே போய் நின்று வருமானம் எங்கிருந்து வருகிறது என்ற ஒரு பத்தியை அந்தப் படிவத்தில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். வியாபாரச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு வாங்கிக் கொடுக்கலாம், 2014 சட்டத்தின் பாதுகாப்பு அதை வைத்துத்தான் கிடைக்கும். இதற்கெல்லாம் பெரிய மனசு வேண்டாம், ஒரு சனிக்கிழமை போதும்.

அக்காவிடம் போன வாரம் பேசினேன். ஜங்புராவிலேயே ஒரு வீட்டுக்காரம்மா பின்பக்கச் சமையலறையைக் காலையில் இரண்டு மணி நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். நாலு மணிக்கு அடுப்பு பற்றவைக்க நரேலாவிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், அந்நேரத்துக்கு பஸ் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். மாவை மட்டும் முதல் நாளே இங்கே ஆட்டி வைத்துவிட்டுப் போகலாமா என்று ஒரு யோசனை. கிரைண்டரை அவர் விற்கவில்லை.